அக்கா வீட்டுத் தலைக்கட்டு

எங்கள் ஊரில் எத்தனை குடும்பம் என்று கேட்டால் அந்தக் காலத்தில் யாரும் குடும்பத்தை எண்ண மாட்டார்கள். தலைக்கட்டைத்தான் எண்ணுவார்கள். கல்யாணம் ஆன ஆண்பிள்ளை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊர்க் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் அது ஒரு தலைக்கட்டு. மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு ஒரு வள்ளம் ராகி. வள்ளம் என்றால் நாலு படி பிடிக்கும் இரும்பு அளவு. அந்த ராகியைக் கொடுத்தவன் வீட்டுக்குத் திருவிழா முடிந்து கிடா வெட்டும்போது ஒரு கூறு கறி வரும். கூறு வாங்குகிற வீடுதான் ஊருக்குள் ஒரு வீடு. மற்றது எல்லாம் சுவரும் கூரையும்தான்.

என் அக்கா வீடு அப்படிச் சுவரும் கூரையுமாக ஆகிப் போயிருந்தது.

அக்காவை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிக்குப் பக்கம். ஒரு மேட்டில் ஏறி நின்றால் ஆந்திரா தெரியும், மறு மேட்டில் நின்றால் மைசூர் ராஜ்யம் தெரியும். அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு ஒரே வாயில் மூன்று பாஷை. மாட்டைத் தெலுங்கில் அதட்டி, கடைக்காரனிடம் கன்னடத்தில் விலை கேட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் சண்டை போடுவோம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் மூன்றிலும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

மாமா மரத்திலிருந்து விழவில்லை, பாம்பு கடிக்கவில்லை. காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மாமியாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் வராது. கூடவே ஒரு பசு, ஏரிக்கு மேலே கொஞ்சம் கொல்லை, மழையை நம்பிய மேட்டு நிலம். மாமா போனதும் ஊர்க் கூட்டத்தில், அண்ணன் தலைக்கட்டு தம்பியோடு சேர்ந்தது என்று முடிவு செய்துவிட்டார்கள். தம்பி என்றால் அக்காவின் கொழுந்தனார். மோசமான மனிதர் இல்லை. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"அண்ணி எதுக்குத் தனியா கஷ்டப்படணும்? எங்க வூட்டுல ஒரே ஒலையா வெச்சுக்கலாம். அம்மாவையும் தூக்கிகினு வந்துரலாம்."

அக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஆவட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் அடுப்பைத் தினமும் மூட்டிக்கொண்டே இருந்தாள். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்பிச் சொன்னார். ஊர்க்கவுண்டர் என்றால் ஊருக்குப் பெரிய தலை, கூட்டத்தில் கடைசிப் பேச்சு அவருடையது. "இந்தத் திருவிழா வரைக்கும் பாக்கறோம். அதுக்கு மேல தனி ஒலை வேணாம். ஒரு தலைக்கட்டுக்கு ரெண்டு அடுப்பு நல்லா இல்ல." அடுப்பு அணைந்தால் வீட்டைப் பூட்டி வைக்கோல் போட்டுவைப்பார்கள். அக்கா இன்னொருத்தி வீட்டு அடுப்படியில் கடைசியாகச் சாப்பிடுகிறவளாக ஆவாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாங்காய் பிஞ்சு விட்டிருந்த சமயம் அது. அப்போதுதான் டீச்சரம்மா வந்தார்கள்.

அவர்கள் டீச்சர் இல்லை. படித்த பெண்பிள்ளை ஊருக்கு வந்தால் எங்களுக்கு எல்லோரும் டீச்சரம்மாதான். பெங்களூர்க்காரர். கன்னடம் வீட்டுப் பேச்சு, தமிழ் கற்றுக்கொண்டது. கிருஷ்ணகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கிய அவர்களை என் வண்டியில்தான் ஏற்றி வந்தேன். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை. சொந்த வண்டி, இரண்டு மாடு. இடப்பக்கத்து மாட்டைக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் பிடித்தேன். பிடிக்கும்போது அதன் பல்லைப் பார்த்தேன், சுழியைப் பார்த்தேன், புத்தியைப் பார்க்க மறந்துவிட்டேன். அதற்கு எங்கே கழனித்தண்ணி கிடைக்கிறதோ அந்த வாசலில் நின்றுவிடும். சாட்டைக்கும் நகராது.

வழியில் டீச்சரம்மாவைக் கேட்டேன். "எதுக்கும்மா எங்க ஊருக்கு? பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லவா?"

"இல்லப்பா. வீட்டைப் பத்தித் தெரிஞ்சுக்க வந்திருக்கேன்."

"எந்த வூட்டைப் பத்தி?"

"எல்லா வீட்டையும். ஒரு வீடு எப்படி நடக்குது, யார் யாரைப் பாத்துக்கறாங்க, குழந்தை என்ன கத்துக்குது, இதையெல்லாம் ஊர் ஊராப் போய்க் கேட்டு எழுதறேன். ரோடு போடறாங்க, அணை கட்டறாங்க, அதெல்லாம் வேணும். ஆனா வீடு நல்லா இருந்தாத்தானே இதெல்லாம் யாருக்காவது ஆகும்? அதைப் போற இடத்துலயெல்லாம் பேசறேன்."

நான் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள பெங்களூரிலிருந்து ஒருத்தர் வருவார்களா என்று இருந்தது. அவர்கள் ஊரில் வீடே இல்லையா? கேட்கவில்லை. வண்டி வாடகை பேசி முடித்தாயிற்று, எதற்கு வம்பு.

பள்ளிக்கூடத்து அறையில் அவர்களைத் தங்க வைத்தோம். மறுநாள் காலையில் புளியமரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். டீச்சரம்மா கும்பிட்டுவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார்கள்.

"உங்க ஊர்ல எத்தனை மனை இருக்குது?"

கூட்டம் அப்படியே அடங்கிப் போயிற்று. கன்னடத்தில் மனை என்றால் வீடு. எங்களுக்கு மனை என்றால் வீடு கட்டப் போட்டிருக்கிற வெற்று இடம். அந்த வருஷம்தான் சர்க்கார் இடத்தை அளந்து யார் யாருக்கோ கொடுக்கப் போகிறது என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை ஓரத்துப் புறம்போக்கில் ஊர்க்கவுண்டரின் வைக்கோல் போர் மட்டும் மூன்று இருந்தது.

"மனை ஒண்ணுகூட கெடயாதுங்க" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லீங்க. எங்க பாட்டன் காலத்துலயே தீந்து போச்சு."

"அப்ப நீங்கல்லாம் எங்க இருக்கீங்க?"

"நாங்க வூட்டுல இருக்கறோங்க. மனையில எதுக்கு இருக்கறோம்? மழ வந்தா நனைய மாட்டமா?"

பக்கத்தில் இருந்த ஒருவர், அவர் நாக்கு ரொம்பக் கூர்மை, மெதுவாகச் சொன்னார். "பாவம், பெங்களூர்ல வெளியிலதான் படுப்பாங்க போல." டீச்சரம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, இந்தம்மா கேட்பது காலி இடம் இல்லை என்று மூன்று பாஷையிலும் சொன்னேன். தெலுங்கு வீட்டுப் பெரியவர் ஒருவர், "இல்லு அடுகுதுந்தா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வீட்டைத்தான் கேட்கிறாளா என்று அர்த்தம். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஊர்க்கவுண்டர் வைக்கோல் போர்ப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படிக் கேளுங்க. தலைக்கட்டு நாப்பத்திரெண்டுங்க."

டீச்சரம்மா எழுதிக்கொண்டார்கள். அன்று ஊரில் என் மதிப்பு கொஞ்சம் ஏறியது உண்மை.

அதிலிருந்து தினமும் வீடு வீடாக. ஊர் சின்னதுதான், நடந்தே போகலாம். ஆனால் கொல்லைகளுக்கு நடுவில் தள்ளித் தள்ளி வீடுகள், வெயில் வேறு. நான் வண்டியைப் பூட்டினேன். அவர்கள் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து பேசுவார்கள். காலையில் முதலில் எழுந்திருப்பது யார், கிழவருக்குக் களி பிசைந்து கொடுப்பது யார், குழந்தை யார் பக்கத்தில் படுக்கும், இதுதான் கேள்வி. எங்கள் பெண்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தால் நிறுத்தவில்லை. ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும், யார் முதலில் எழுந்திருப்பது என்று டீச்சரம்மா முன்னாலேயே சண்டை போட்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். வெளியே வந்து, "இந்த வீட்ல ரெண்டு பேரும் தூங்கறதே இல்லப்பா" என்றார்கள்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் திரும்பி வரும்போது மாடு ஏரிக்கரையில் இருந்த அக்கா வீட்டு வாசலில் நின்றுவிட்டது. அதற்குத் தினமும் கழனித்தண்ணி வைப்பவள் அக்கா. கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே திரிகை ஓடும் சத்தம்.

"இது யார் வீடு?" என்றார்கள் டீச்சரம்மா. அதற்குள் மனை என்பதை விட்டிருந்தார்கள்.

"எங்க அக்கா வூடுங்க."

"இந்த வீட்டுக்கு நாம வரலையே?"

"இது தலைக்கட்டுல சேராதுங்க."

"அடுப்பு எரியுதே?"

நான் மாட்டைப் பார்த்தேன். அது வாசல் தொட்டித் தண்ணீரில் மூக்கை விட்டிருந்தது. டீச்சரம்மா இறங்கி உள்ளே போனார்கள்.

அக்கா திரிகையை விட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கோணியை விரித்தாள். நான் வாசலில் நின்றேன். இரண்டு பெண்களும் வந்து, "மாமா, யாரு இது?" என்று என் காதைக் கடித்தார்கள்.

"இந்த வீட்டுக்குப் பெரியவங்க யாரு?" என்று டீச்சரம்மா கேட்டார்கள்.

அக்கா கட்டிலில் படுத்திருந்த மாமியாரைக் காட்டினாள். மாமியார் நல்ல கையை ஒரு தடவை தூக்கி ஆமாம் என்று காட்டினார்.

"இன்னைக்கு என்ன ஆக்கறதுன்னு யார் முடிவு பண்ணுவீங்க?"

"பானையில இருக்கறது முடிவு பண்ணுமுங்க."

டீச்சரம்மா சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மாமியாரை எழுப்பி உட்கார வைத்து, முதுகுக்குத் தன் தோளைக் கொடுத்து, களியைச் சின்னச் சின்னதாக உருட்டிக் கீரைச் சாற்றில் தொட்டு ஊட்டினாள். பெரிய பெண் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், யாரும் சொல்லவில்லை. சின்னவள் பாட்டியின் வாயைத் துடைத்தாள், அதையும் யாரும் சொல்லவில்லை. டீச்சரம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே வந்து வண்டியில் ஏறியதும், "இங்க கேள்வி கேட்கவே வேணாம்பா" என்றார்கள்.

அவர்கள் கிளம்பும் முன் கோயில் வாசலில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் தள்ளிச் சுவரோரம். அக்கா வரவில்லை. டீச்சரம்மா நன்றாகப் பேசினார்கள். வீடு என்பது சுவர் இல்லை, முடியாதவரை முடிந்தவர் பார்த்துக்கொள்ளும் இடம், நாடு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த மாதிரிப் பேச்சுக்குத் தலையாட்ட எங்களுக்கு நன்றாக வரும். கடைசியில், "உங்க ஊர்ல நான் பார்த்த நாப்பத்திமூணு வீட்டுக்கும் கும்பிடு" என்று முடித்தார்கள்.

ஊர்க்கவுண்டர் மரியாதையாக எழுந்தார். "நாப்பத்திரெண்டுங்க."

"நாப்பத்திமூணு பார்த்தேன்."

"அந்த ஏரிக்கரை வூட்டையும் சேத்துட்டீங்களாட்ட இருக்குது. அது தலைக்கட்டு இல்லீங்கம்மா."

"பின்ன என்ன?"

ஊர்க்கவுண்டர் யோசித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அது, அது வெறும் வூடுங்க."

கூட்டம் சிரித்தது. டீச்சரம்மா சிரிக்கவில்லை. "நான் வீட்டைத்தானே கேட்டு வந்தேன்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. "ஊர் வழக்கம் உங்களோடது, அதைப் பத்திச் சொல்ல நான் யாரு? ஆனா நான் எழுதறதுல அது ஒரு வீடு. எழுதினதை அடிக்க மாட்டேன்."

"ஊர்க் கணக்கு ஒண்ணு, உங்க கணக்கு ஒண்ணா இருந்தா நல்லா இருக்குமுங்களா?"

"நல்லா இருக்காதுதான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்களைக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். மாடு வழக்கம்போல அக்கா வாசலில் நின்றது. நான் நடந்ததை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். "பெங்களூர்க் கணக்குல நீயும் ஒரு குடும்பம்க்கா. நம்மூர்க் கணக்குலதான் வெறும் வூடு."

"யாரு சொன்னா வெறும் வூடுன்னு?"

"ஊர்க்கவுண்டரு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீ?"

"நான் வண்டிகிட்ட நின்னுகினு இருந்தேன்."

அக்கா உள்ளே போனாள். குதிரில் கையை விட்டு ராகி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சத்தம் கேட்டது.

திருவிழாவுக்கு ராகி கொட்டும் நாள் வந்தது. கோயில் முன்னால் பெரிய படுதாவை விரித்து, ஒவ்வொரு தலைக்கட்டும் வந்து வள்ளத்தை நிரப்பித் தலைகீழாகக் கொட்ட வேண்டும். கோல்காரர் பக்கத்தில் நின்று எண்ணுவார். கோல்காரர்தான் ஊருக்குச் சேதி சொல்கிறவர், கூப்பிடுகிறவர், நெடுநாளாக அந்த வேலை. ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். அப்புறம் ரெண்டு, மூணு என்று பாட்டுப் போல இழுத்துக்கொண்டே போவார். வள்ளம் கவிழும் சத்தமும் அவர் குரலும் ஒன்றை ஒன்று விடாது. கண்ணை அரைக்கண்ணாக மூடிக்கொள்வார். சாமி காதில் விழுந்த எண்ணை மாற்றக் கூடாது என்பது வழக்கம்.

கொழுந்தனார் கொட்டினார். நான் கொட்டினேன். கடைசியாக ஊர்க்கவுண்டர் கொட்டினார். "நாப்பத்திரெண்டு" என்று கோல்காரர் இழுத்தார். எல்லோரும் துண்டை உதறி எழுந்தார்கள்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அக்கா வந்தாள். இடுப்பில் முறம், முறம் நிறைய ராகி. புருஷன் இல்லாதவள் அந்த இடத்துக்கு வருவதில்லை. யாரோ "யம்மா, எங்க வர" என்று கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் அவள் கீழே கிடந்த வள்ளத்தை எடுத்து, ராகியை நிரப்பி, மேலே கையால் ஒரு தடவை வழித்து, குவியல் நடுவில் கவிழ்த்துவிட்டாள்.

"நாப்பத்திமூணு" என்றார் கோல்காரர்.

எழுந்தவர்கள் எல்லோரும் ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினார்கள்.

"உன்னை யாருயா சொல்லச் சொன்னது?" என்றார் ஊர்க்கவுண்டர்.

கோல்காரர் கண்ணை முழுக்கத் திறந்து பார்த்தார். "வள்ளம் வுழுந்துச்சுங்க. வாயி சொல்லிருச்சு."

"எடுத்துக் குடு அதை."

"எதைங்க எடுக்கறது? இதுல எது அவுங்க ராகி, எது உங்க ராகி?"

குவியலை எல்லோரும் பார்த்தோம். கடுகை விடச் சின்னத் தானியம், எல்லாம் ஒரே சிவப்பு. பெண்கள் பக்கம் யாரோ சிரித்து வாயைப் பொத்தினார்கள். ஊர்க்கவுண்டர் சாமியைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார்.

கொழுந்தனார் முன்னால் வந்தார். அவர் முகம் வாடியிருந்தது, அதை நான் சொல்ல வேண்டும். "அண்ணி, எங்க வூட்டுக்கு வரப் புடிக்கலேன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அக்கா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "உங்க வூட்டுக்கு வராம எங்க போறேன்? விருந்தாடியா வருவேன். பண்டிகைக்கு வருவேன், புள்ளைங்களைக் கூட்டிகினு வருவேன். விருந்தாடியா வரணும்னா எனக்கும் ஒரு வூடு வேணுமில்ல?"

அவர் காலி முறத்தைப் பார்த்தார். "அது செரிதான்" என்றார். பிறகு ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பி, "என் தலைக்கட்டுல இருந்து பிரிச்சுருங்க மாமா. ஆத்தா காதுல வுழுந்ததை நாம எதுக்கு மாத்தணும்" என்றார். ஊர்க்கவுண்டருக்கு அதைவிட நல்ல வழி வேறு இல்லை. "கொழுந்தனே சொன்னப்புறம் எனக்கு என்னா" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

கிடா வெட்டிய அன்று கறியைக் கூறு போட்டு இலையில் வரிசையாக வைத்தார்கள். கோல்காரர் ஒவ்வொரு தலைக்கட்டாகப் பேர் சொல்லிக் கூப்பிட, ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு கூறு நின்றது. ஆம்பிளை பேரைத்தான் கூப்பிட்டுப் பழக்கம். செத்தவர் பேரைச் சாமி முன்னால் கூப்பிட முடியாது. பெண்பிள்ளை பேரைக் கூட்டத்தில் கூப்பிட்டதே இல்லை. கோல்காரர் வாயைத் திறந்தார், மூடினார். கூர்மை நாக்குக்காரர், "வெறும் வூடுன்னு கூப்பிடுப்பா" என்றார்.

கோல்காரர் அவரைப் பார்த்துவிட்டு, நீளமாக இழுத்துக் கூப்பிட்டார். "வூட்டுக்காரம்மா!"

எங்கள் பேச்சில் அது பெண்டாட்டிக்கும் சொல்வது, வீட்டுக்குச் சொந்தக்காரிக்கும் சொல்வது. புருஷன் போனவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அக்கா வந்து இலையோடு எடுத்துக்கொண்டாள். அன்று முதல் ஊருக்கே அவள் வூட்டுக்காரம்மா. அவள் இரண்டு பெண்களையும் அந்த வாசலில் பந்தல் போட்டுத்தான் கட்டிக் கொடுத்தாள். மாமியார் அந்தக் கட்டிலில்தான், அவள் தோளில் சாய்ந்தபடி போனார். இப்போது ஓசூர்ப் பக்கம் கம்பெனிகள் வந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சைரன் சத்தத்துக்குச் சாப்பிடுகிறார்கள். அக்காவின் பேரனும் ஷிப்ட்டுக்குப் போகிறான். அவன் அடையாளம் சொல்ல வேண்டி வந்தால் அப்பன் பேரைச் சொல்வதில்லை. "வூட்டுக்காரம்மா பேரன்" என்கிறான். கேட்கிறவருக்கு அது போதும்.

டீச்சரம்மா அடுத்த வருஷம் ஒரு தடவை வந்தார்கள், போன தடவை பார்த்த வீடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க. என் வண்டிதான். புளியமரத்தடியில் அதே ஆட்கள். அவர்கள் பேனாவை எடுப்பதற்கு முன்பே ஊர்க்கவுண்டர் ஆரம்பித்துவிட்டார்.

"நாப்பத்திமூணுங்கம்மா. எழுதிக்குங்க." அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராக ஏரிக்கரையில் இருந்த தன் வைக்கோல் போர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார். "ஆனா காலி மனை ஒண்ணுகூட கெடயாதுங்க."